குளிர் வந்தால் மைலேஜ் எங்கே போகிறது?

ஜனவரி பிறந்தால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் குளிர்நாட்டுத் தமிழர்களின் கார்க் கவலை தனிக் கட்டாகச் சேர்ந்துவிடும். தனித்தனியாகப் பதில் எழுதினால் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் இந்த இதழில் மொத்த இடமும் அதற்கே. நடுவில் ஊட்டிக்காரர் ஒருவரும் லடாக்கில் வண்டி ஓட்டும் ஒருவரும் நுழைந்திருக்கிறார்கள், அவர்களையும் விடவில்லை.

கேள்வி: வணக்கம் ஐயா. என்னுடையது நாலு வருசப் பழசான சின்ன பெற்றோல் கார். கோடையில் 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடிக்கும். தை மாதம் வந்தால் 11 லீற்றருக்குக் கிட்டப் போய் நிற்கிறது. வேலைத்தலம் வீட்டிலிருந்து 5 கிலோமீற்றர்தான். காலமை எழும்பி ரிமோட்டால் ஸ்ராட் பண்ணிப் பத்து நிமிசம் சூடாக்கித்தான் எடுப்பேன். கராச்சில் காட்டினேன், பிழை ஒன்றும் இல்லை என்கிறார்கள். பெற்றோலில் ஏதும் கலக்கிறார்களோ?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: கராஜில் சொன்னதை நம்புங்கள். காரில் பழுது இல்லை, பெட்ரோலிலும் கலப்படம் இல்லை. பெட்ரோல் போவது அந்த 5 கிலோமீட்டரில், அதற்கு முன்னால் வரும் பத்து நிமிடத்தில் இன்னும் கூடுதலாக.

முதலில் உங்கள் எண்கள் ஊரோடு ஒத்துப்போகிறவைதான் என்று காட்டிவிடுகிறேன். அமெரிக்க எரிசக்தித் துறை கொடுக்கும் கணக்குப்படி, நகரத்துக்குள் குறைந்த தூரம் ஓடும் பெட்ரோல் கார் 25 டிகிரியில் தருகிற மைலேஜைவிட மைனஸ் 7 டிகிரியில் சுமார் 15 சதவீதம் குறைவாகத் தரும். ஒவ்வொரு ஓட்டமும் 5, 6 கிலோமீட்டரில் முடிந்துவிட்டால் குறைவது 24 சதவீதம் வரை போகும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: மைலேஜ் 24 சதவீதம் குறைந்தால் அதே தூரத்துக்குப் பெட்ரோல் 24 சதவீதம் கூட அல்ல, 32 சதவீதம் கூட ஆகும். உங்கள் 8 லிட்டர் அந்தக் கணக்கில் பத்தரை லிட்டர். நீங்கள் சொல்லும் 11 அதற்குப் பக்கத்து வீடுதான்.

சரி, ஏன் இப்படி? பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். மைனஸ் பத்தில் இரவெல்லாம் கிடந்த இன்ஜினின் உலோகத்தில் பெட்ரோலைத் தெளித்தால் பாதி ஆவியாகாமல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் காரின் கம்ப்யூட்டர் தேவைக்கு மேல் தெளிக்கிறது, ஆவியாகிற பங்காவது எரியப் போதுமானதாக இருக்கட்டும் என்று. எரியாத மிச்சத்தில் கொஞ்சம் சைலன்சர் வழியாக வெளியே போகிறது, கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் இறங்குகிறது. கலவை சரியா என்று பார்த்துச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரும் சூடானால்தான் வேலை செய்யும், அதுவரை கம்ப்யூட்டர் மனப்பாடமாக வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்துத்தான் ஊற்றுகிறது. போதாததற்கு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 250, 300 டிகிரி சூட்டை எட்டினால்தான் விழித்துக்கொள்ளும். அதைச் சீக்கிரம் சூடாக்க வேண்டும் என்பதற்காகவே ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் 1,200, 1,500 சுற்றில் உறுமுகிறது, ஸ்பார்க் பிளக்கின் பொறியும் வேண்டுமென்றே தாமதமாக விடப்படுகிறது. முதல் ஓரிரு நிமிடம் நீங்கள் எரிக்கும் பெட்ரோலில் பெரும்பகுதி சக்கரத்தைச் சுற்றுவதற்கு அல்ல, புகைக்குழாயைச் சூடாக்குவதற்கு.

அடுத்து ஆயில். ஊரில் மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்துத்தானே எடுப்போம், இன்ஜின் ஆயில் அந்த அளவுக்கு உறைந்துவிடாது என்றாலும் மைனஸ் இருபதில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், சொட்டுவதற்குப் பதிலாக நூலாக இழுத்துக்கொண்டு தொங்கும். அந்தக் கெட்டியை அறுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பேரிங்கும் பிஸ்டனும் நகர வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலுக்கும், சக்கர பேரிங் கிரீஸுக்கும் இதே கதை. டாஷ்போர்டில் வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நாம் நிம்மதியாகிறோம், அது காட்டுவது இன்ஜினைச் சுற்றி ஓடும் திரவமான கூலன்ட்டின் சூட்டை மட்டும். ஆயில் அதற்குப் பின்னால் மெதுவாக வரும், கியர்பாக்ஸ் அதற்கும் பின்னால். ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும்வரை இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், அது தனிச் செலவு.

இந்த எல்லாச் செலவும் இன்ஜின் சூடாகும்வரைதான். நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு அது மொத்த ஓட்டத்தில் ஒரு சிறு துண்டு. உங்களுக்கோ முழு ஓட்டமே அந்தத் துண்டுதான்: ஸ்காபரோ நெரிசலில் 5 கிலோமீட்டர் போய்ச் சேரும்போது இன்ஜின் அப்போதுதான் நிலைக்கு வந்திருக்கும், நீங்கள் அணைத்துவிடுவீர்கள். எட்டு மணி நேரம் வெளியில் நின்றால் மாலையில் மறுபடி முதலிலிருந்து.

இப்போது அந்தப் பத்து நிமிடம். சூடேறிய சிறிய பெட்ரோல் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடினாலே மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஆகும். குளிர்ந்த இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் அதற்கும் மேலே. குறைத்தே மதிப்பிட்டு மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் பத்து நிமிடத்துக்கு 170 மில்லி. நீங்கள் போக வர ஓட்டுவது 10 கிலோமீட்டர். 10 கிலோமீட்டருக்கு 170 மில்லி என்றால் 100 கிலோமீட்டருக்கு 1.7 லிட்டர். கோடையைவிடக் கூடுதலாக ஆகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் 3 லிட்டரில் பாதிக்கு மேல், கார் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே தீர்ந்துபோகிறது!

ரிமோட் ஸ்டார்ட் கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. மைனஸ் இருபதில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவரிடம் பெட்ரோலைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் இன்ஜினுக்கு நல்லது என்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால் வேண்டாம். சோக்கை இழுத்து, கார் இருமி இருமி நின்று போகாமல் காத்திருந்த கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இப்போதைய இன்ஜினுக்கு அரை நிமிடம், மிஞ்சிப் போனால் ஒரு நிமிடம் போதும், ஆயில் மேலே ஏறிவிடும். அந்த நேரத்தில் கண்ணாடியைச் சுரண்டுங்கள், கூரைமேல் பனியைத் தள்ளுங்கள், கண்ணாடி முழுக்கத் தெளிந்த பிறகு எடுத்து முதல் சில கிலோமீட்டர் அழுத்தி மிதிக்காமல் போங்கள். நின்ற இடத்தில் சூடாவதைவிட ஓடும்போது இன்ஜின் பல மடங்கு சீக்கிரம் சூடாகும், கியர்பாக்ஸும் சேர்ந்தே சூடாகும். மூடிய கராஜுக்குள் மட்டும் ஒரு நிமிடம்கூட ஓட விடாதீர்கள், கதவைத் திறந்து வைத்தாலும் சரி. புகையில் வரும் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

இன்னொரு வழி செலவில்லாதது. தமிழ்க் கடை, பள்ளிக்கூடம், கோயில் என்று தனித்தனியாகக் கிளம்பாமல், வேலையிலிருந்து திரும்பும்போதே சூடான இன்ஜினோடு எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கடையில் நின்றாலும் இன்ஜினில் பாதிச் சூடாவது மிஞ்சியிருக்கும்.

பெட்ரோலில் கலக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு விதத்தில் ஆமாம், ஆனால் சட்டப்படி, காரணத்தோடு. குளிர்காலப் பெட்ரோல் குளிரிலும் ஆவியாக வேண்டும் என்பதால் சுத்திகரிப்பு ஆலைகளே அதில் எளிதில் ஆவியாகும் பியூட்டேனைக் கூடுதலாகச் சேர்க்கின்றன. அதனால் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் கோடைப் பெட்ரோலைவிட ஓரிரு சதவீதம் குறைவு. அது இல்லாவிட்டால் காலையில் கார் கிளம்பவே அடம் பிடிக்கும், எனவே அந்த ஓரிரு சதவீதத்தை மன்னித்துவிடலாம்.

கேள்வி: சார், குளிர்ந்த காற்று அடர்த்தியானது, இன்ஜினுக்குச் சக்தி கூடும், அதனால் நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடத்தானே வேண்டும்? எனக்கு 401 நெடுஞ்சாலையில் நாள்தோறும் 80 கிலோமீட்டர், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் மைலேஜ் குறைகிறதே?
– மிசிசாகா வாசகர்

பதில்: அடர்த்தி என்று நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது, அதை இன்ஜினுக்கு உள்ளே பார்த்தீர்கள், காருக்கு வெளியே பார்க்கவில்லை. 25 டிகிரிக் காற்றைவிட மைனஸ் 10 டிகிரிக் காற்று 13 சதவீதம் அடர்த்தி. காரின் மூக்கு மணிக்கு நூறு கிலோமீட்டரில் அதைத்தான் பிளந்துகொண்டு போகிறது, காற்றின் தடையும் அதே 13 சதவீதம் ஏறும். அந்த வேகத்தில் இன்ஜின் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளுவதுதான் என்பதால் பெட்ரோல் செலவில் ஆறேழு சதவீதம் அங்கேயே போகும். இன்ஜின் எவ்வளவு சூடானாலும் இந்தச் செலவு போகாது. சக்தி கூடும் என்பது உண்மை, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால் தெரியும். ஆனால் கூடுதல் காற்றுக்குத் தக்கபடி கூடுதல் பெட்ரோலும் ஊற்றித்தான் அந்தச் சக்தி வருகிறது, மைலேஜுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. கூரையில் பனிச்சறுக்குப் பெட்டி எதையாவது மாட்டி வைத்திருந்தால் கழற்றுங்கள், வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறையுங்கள். வேறு மந்திரம் இல்லை.

கேள்வி: குளிர்ந்த பெட்ரோல் சுருங்கி அடர்த்தியாக இருக்கும், அதனால் விடியற்காலையில் போட்டால் லாபம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
– எடிசன், நியூஜெர்சி

பதில்: பெட்ரோல் டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் சுருங்கும் என்பது உண்மை. பெட்ரோல் இருப்பது தரைக்கு அடியில் தொட்டியில் என்பதும் உண்மை, அங்கே விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. கனடாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அங்கே பம்ப்பே அளவை 15 டிகிரிக்குத் திருத்தித்தான் காட்டும், பம்ப்பின் மேல் அப்படி எழுதியும் இருக்கும். விடியற்காலையில் தூங்குங்கள். உங்கள் மாநிலத்தில் நாமே பிடித்துக்கொள்ளவும் விட மாட்டார்கள், பம்ப்காரரையாவது குளிரில் எழுப்பாமல் இருக்கலாம்.

கேள்வி: காலையில் எடுக்கும்போது ரயர் காற்று லைற் எரிகிறது, மத்தியானம் தானாக அணைகிறது. காற்றடிக்கப் போனால் அவர்கள் நைட்ரஜன் அடி என்கிறார்கள். அடிக்கலாமா?
– மொன்றியல் வாசகி

பதில்: லைட் பொய் சொல்லவில்லை அம்மா. குளிரில் காற்று சுருங்கும், சுமார் ஐந்தரை டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ வீதம் டயரில் அழுத்தம் குறையும். செப்டம்பரில் 25 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடித்துவிட்டு அப்படியே விட்டிருந்தால், மைனஸ் 15 காலையில் அது ஏறத்தாழ 27-க்கு வந்திருக்கும், மாதக்கணக்கில் மெதுவாகக் கசிந்தது வேறு. விதித்த அழுத்தத்திலிருந்து கால்பங்கு குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்பதுதான் அமெரிக்க விதி, அந்த எல்லையில்தான் உங்கள் டயர் ஊசலாடுகிறது. ஓட ஓட டயர் சூடாகி அழுத்தம் ஏறுவதால் மத்தியானம் விளக்கு அணைகிறது, குறை தீர்ந்துவிட்டதால் அல்ல.

காற்று குறைந்த டயர் தரையில் அகலமாகப் படிந்து, ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நெளியும். அந்த நெளிவுக்கு ஆகும் ஆற்றலும் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. குளிரில் ரப்பரே விறைத்துப்போய் உருள மறுப்பது வேறு. உங்கள் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம் என்பதால் அதைப் பற்றி விவாதமே இல்லை, பிடிப்புக்காகச் செய்த டயர் கொஞ்சம் பெட்ரோல் கூடக் கேட்கத்தான் செய்யும், கொடுத்துவிடுங்கள்.

நைட்ரஜன் வேண்டாம். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான், குளிரில் அதுவும் இதே அளவு சுருங்கும். இலவசமாக அடித்தால் அடித்துக்கொள்ளுங்கள், காசு கொடுக்காதீர்கள். கார் சில மணி நேரம் வெளியில் நின்று ஆறிய பிறகு, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குச் சரியாக அடியுங்கள். சூடான கராஜுக்குள் வைத்து அளந்தால் வெளியே வந்ததும் மறுபடி குறைந்துவிடும்.

கேள்வி: பெட்ரோல் மிச்சமாகும் என்றுதான் ஹைபிரிட் வாங்கினோம். குளிர்காலத்தில் சிக்னலில் நின்றால்கூட இன்ஜின் அணைய மாட்டேன் என்கிறது. பேட்டரி கெட்டுவிட்டதா? பேசாமல் முழு மின்காரே வாங்கியிருக்கலாமோ என்று கணவர் குத்திக்காட்டுகிறார்.
– ஒட்டாவா வாசகி

பதில்: பேட்டரிமேல் பழியைப் போடாதீர்கள், ஹீட்டரைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜின் எரிக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை, மிச்சமெல்லாம் சூடாக வீணாகிறது. சாதாரண காரின் ஹீட்டர் அந்த வீண் சூட்டைத்தான் உள்ளே திருப்பிவிடுகிறது, அதனால் அது இலவசம். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டின் முழு சாமர்த்தியமும் இன்ஜினை அடிக்கடி அணைப்பதில் இருக்கிறது. அணைத்தால் கூலன்ட் ஆறும், கூலன்ட் ஆறினால் உங்கள் காலில் குளிர்ந்த காற்று அடிக்கும், எனவே உங்களுக்குச் சூடு கொடுப்பதற்காகவே இன்ஜின் ஓடுகிறது. குளிர்ந்த பேட்டரி பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்தையும் முழுதாக வாங்கிக்கொள்ளாது. இதனால்தான் சாதாரண கார் 15 சதவீதம் இழக்கும் அதே குளிரில் ஹைபிரிட் 30 முதல் 34 சதவீதம் வரை இழக்கிறது என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. இழந்த பிறகும் அது அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிடச் சிக்கனமாகவே இருக்கும், அதைக் கணவரிடம் சொல்லுங்கள்.

மின்கார் வாங்கியிருந்தால் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வந்திருக்கும். மின்மோட்டாரில் வீணாகும் சூடு மிகக் குறைவு, அது பெருமைதான், ஆனால் பனிக்காலத்தில் திருடிக்கொள்ள இலவசச் சூடு இல்லை. அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ 2019-இல் ஐந்து மின்கார்களை மைனஸ் 7 டிகிரியில் ஓட்டிப் பார்த்தது. ஹீட்டர் போடாமல் ஓடியபோது ஒரு சார்ஜில் போகும் தூரம் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது, ஹீட்டர் போட்டதும் 41 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அத்தனையும் ஆட்களைச் சூடாக வைத்துக்கொண்ட செலவு. வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே கொடுக்கும் ஹீட் பம்ப் உள்ள கார்களில் இழப்பு குறையும். இவ்வளவுக்கும் பிறகு, 2024-இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது மின்கார்தான், அதுவும் குளிர்நாடுதான். சார்ஜரில் இருக்கும்போதே வீட்டு மின்சாரத்தில் உள்ளே சூடாக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள், அவ்வளவுதான் சூட்சுமம்.

உங்கள் ஹைபிரிட்டுக்கு ஒரு யோசனை: இருக்கைச் சூடேற்றி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு, ஹீட்டரை இரண்டு மூன்று டிகிரி குறைத்துப் பாருங்கள். இருக்கைக்கு ஆவது ஒரு பழைய குண்டு பல்பின் மின்சாரம், உடம்பில் நேராகப் படுவதால் கதகதப்பு உடனே தெரியும். இன்ஜின் சிக்னலில் அணைய ஆரம்பித்துவிடும். முன்கண்ணாடியில் ஆவி படிந்தால் மட்டும் யோசிக்காமல் ஹீட்டரைத் தட்டிவிடுங்கள்.

கேள்வி: கனடாவை விடுங்க சார், எங்க ஊட்டியில டிசம்பர், ஜனவரியில புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி. என் காரும் கீழே கொடுக்கிற மைலேஜை மேலே கொடுப்பதில்லை. இதுவும் குளிர்தானா?
– ஊட்டி வாசகர்

பதில்: குளிருக்கும் பங்கு உண்டு, ஆனால் கடைசி வரிசையில். ஊட்டியில் உறைபனி விடியற்காலை சமாசாரம், பத்து மணி வெயிலில் அது போய்விடும். காலையில் எடுத்த முதல் சில கிலோமீட்டரில் ஸ்காபரோக்காரருக்குச் சொன்னதெல்லாம் சிறிய அளவில் உங்களுக்கும் நடக்கும். 20டபிள்யூ-50 மாதிரிக் கெட்டி ஆயிலை யாராவது ஊற்றிவிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் நடக்கும். கம்பெனிக் கையேட்டில் போட்டிருக்கும் ஆயிலையே ஊற்றச் சொல்லுங்கள்.

உங்கள் பெட்ரோலை உண்மையில் தின்பது மலை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2,240. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ வண்டியை ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக, இன்ஜினின் வீணடிப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இரண்டரை லிட்டருக்குப் பக்கத்தில் பெட்ரோல் வேண்டும். இது உயரத்துக்கு மட்டும், ஐம்பது கிலோமீட்டர் ஓடுவதற்கு ஆவது தனி. மேலே காற்றும் மெலிவு, அழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான், டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தி இழந்து, நீங்கள் இரண்டாவது கியரிலேயே குன்னூர் கொண்டை ஊசிகளைச் சுற்ற வேண்டியிருக்கும்.

கொடுத்ததில் ஒரு பகுதியை இறங்கும்போது திரும்ப வாங்கலாம், கியரில் இறங்கினால். இப்போதைய இன்ஜெக்‌ஷன் கார்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலே ஊற்றாது, சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். மைலேஜ் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் கல்லாறுவரை இறங்குகிறவர்கள் பெட்ரோலையும் இழக்கிறார்கள், பிரேக்கையும் சுட்டுத் தீய்க்கிறார்கள், எதிரில் வரும் பஸ்ஸுக்கும் வேலை வைக்கிறார்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கோவை வெயிலில் சரியாகக் காற்றடித்துக்கொண்டு ஊட்டி ஏறினால் குளிரால் டயரில் நாலு பிஎஸ்ஐ போல இறங்க வேண்டும், ஆனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவி மூன்று பிஎஸ்ஐ போல ஏற்றிக் காட்டும். கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அடித்த அளவே. டயரைத் தொட வேண்டாம்.

கேள்வி: லேயில் டீசல் லாரி ஓட்டுகிறேன். மைலேஜ் இருக்கட்டும், காலையில் வண்டி கிளம்பினாலே பெரிய விஷயம். டேங்க்குக்கு அடியில் தீ மூட்டுவது பற்றி என்ன சொல்கிறீர்கள்?
– லடாக்கிலிருந்து ஒரு தமிழ் ஓட்டுநர்

பதில்: மூட்டாதீர்கள் தம்பி. டீசலில் மெழுகு இருக்கிறது, கடும் குளிரில் அது பிரிந்து முதலில் ஃபில்டரை அடைக்கும், அப்புறம் குழாயை. இதற்காகவே இந்தியன் ஆயில் 2019-இல் லடாக்குக்கென்று குளிர்கால டீசல் கொண்டுவந்தது, மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மையோடு இருக்கும். கீழே சமவெளியில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்து, மேலே போய் அது உறைகிறது என்று திண்டாடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பாதி டேங்க்கோடு வந்து மேலே உள்ள டீசலைப் போட்டு நிரப்புங்கள். இரவு நிறுத்துவதற்கு முன்பே நிரப்பி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் குழாயிலும் ஃபில்டரிலும் புது டீசல் வந்துவிடும். தீயால் டேங்க் சூடானாலும் ஃபில்டரில் அடைத்த மெழுகு அப்படியேதான் நிற்கும்.

கேள்வி: படிக்க வந்து இப்போதுதான் செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். அதன் முன்பக்க கிரில்லிலிருந்து மூன்று முள் பிளக் ஒன்று தொங்குகிறது. பார்க்கிங்கில் ஒவ்வொரு காருக்கும் பிளக் பாயிண்ட் வேறு இருக்கிறது. எனக்கு மின்காரை விற்றுவிட்டார்களா?
– வின்னிபெக் மாணவர்

பதில்: இல்லை தம்பி, பெட்ரோல் கார்தான், அதுவும் விவரமான ஆளிடமிருந்து வாங்கியிருக்கிறீர்கள். அது பிளாக் ஹீட்டர். இன்ஜினுக்குள் கூலன்ட்டைச் சூடாக்க வைத்திருக்கும் கம்பிச்சுருள், சின்னக் கார் என்றால் 400, 500 வாட்ஸ் இருக்கும். முதல் கேள்விக்கு நான் பத்தி பத்தியாக எழுதிய தொல்லைகளில் பெரும்பகுதியை அந்தப் பிளக் குறைத்துவிடும்: இன்ஜின் வெதுவெதுப்பாகவே கிளம்பும், கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கத் தேவை குறையும், ஆயிலும் இளகியிருக்கும், ஹீட்டரில் சூடான காற்றும் சீக்கிரம் வரும். மைனஸ் 20-இல் இதனால் பெட்ரோல் செலவு 10 சதவீதம் வரை குறையும் என்று கனடாவின் இயற்கை வளத் துறை சொல்கிறது, குறைந்த தூரம் போகிறவருக்கு அதற்கு மேலும் கிடைக்கும்.

இரவு முழுக்கச் செருகி வைக்கத் தேவையில்லை. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போதும், அதற்கு மேல் போகும் மின்சாரம் வின்னிபெக் வானத்தைச் சூடாக்கத்தான் பயன்படும். வெளியில் வைக்கும் டைமர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஆவது ஒரு யூனிட்தான், மானிடோபாவில் கிட்டத்தட்ட எல்லாமே நீர்மின்சாரம், விலையும் மலிவு. நீட்டிப்பு வயர் தேவைப்பட்டால் வெளிப்புறத்துக்கு என்று போட்டிருக்கும் மூன்று முள் வயராகப் பார்த்து வாங்குங்கள், வீட்டுக்குள் டிவிக்குப் போடும் மெல்லிய வயர் அந்தக் குளிரில் விறைத்து விரிசல் விட்டுவிடும். பிளக்கின் முனை கருகியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், பழைய காரில் அது நடக்கும். செருகிய அரை மணியில் பானெட்டுக்குள் லேசாகச் சத்தம் கேட்டால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், ஒன்றுமே கேட்காவிட்டால் மெக்கானிக்கிடம் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கிளம்பும்போது வயரைக் கழற்றிவிட்டு எடுங்கள், முதல் வருடம் வருகிற எல்லோரும் ஒரு முறையாவது இழுத்துக்கொண்டுதான் போகிறார்கள்.